இணைகோடு: கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, குறுக்க ஒரு கோடு போடுங்க

ஏழாங்கிளாஸ் கணக்கு புக்குல இந்த பாடம் வந்ததும் நெறைய பிள்ளேளுக்கு வடிவியல்னாலே ஒரு வெறுப்பு வந்துருது. பாடம் ஒண்ணும் அவ்வளவு கஷ்டம் இல்ல, ஆனா ஒரே மூச்சுல ஒத்த கோணம், ஒன்றுவிட்ட உட்கோணம், குத்தெதிர்க் கோணம், குறுக்குவெட்டின்னு வரிசையா பேரா வந்து விழும், இது எல்லாம் எதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மனப்பாடம் பண்ணிட்டு பரிச்சைக்கு போவாங்க, படத்த கொஞ்சம் திருப்பி போட்டு கேட்டா அம்புட்டுதான். இந்த கட்டுரை அந்த பிள்ளேளுக்கும், வீட்டுல உக்காந்து சொல்லிக்குடுக்க வேண்டிய அம்மா அப்பாக்கும், ஸ்கூல் விட்டு ரொம்ப நாள் ஆகி இப்பம் திரும்ப கணக்கு எடுக்குறவங்களுக்கும். ஒரு கோடு போட்ட நோட்டு, ஸ்கேல், பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ்ல கெடக்குற கோணமானி, ரெண்டு மூலைமட்டம், இம்புட்டு இருந்தா போதும். படிச்சுக்கிட்டே வரஞ்சு பாருங்க, சும்மா வாசிச்சா மண்டையில நிக்காது.

முதல்ல: இணைகோடுன்னா என்ன

ஒரே தளத்துல கெடக்குற ரெண்டு நேர்கோடு, ரெண்டு பக்கமும் எம்புட்டு தூரம் நீட்டினாலும் ஒண்ணுக்கொண்ணு வெட்டிக்கவே செய்யாதுன்னா அது இணைகோடு. கி.மு. 300 வாக்குல கிரேக்க கணக்கு அறிஞர் யூக்ளிட் குடுத்த விளக்கமும் கிட்டத்தட்ட இதேதான், இன்னைக்கு வரைக்கும் மாறல.

இதுல "ஒரே தளத்துல"ன்னு ஒண்ணு இருக்குல்லா, அத நெறைய பேரு கவனிக்காம தாண்டி போயிருவாங்க. கன்னியாகுமரி மாவட்டத்துல மாத்தூர் தொட்டிப்பாலம் பாத்திருப்பீங்க. மேல தொட்டியில கால்வாய் தண்ணி ஒரு பக்கமா போகுது, நூறடிக்கும் கூடுதலா கீழ பரளியாறு குறுக்க போகுது. அந்த தொட்டியை ஒரு கோடாவும் ஆத்தை ஒரு கோடாவும் நெனச்சுக்கிடுங்க, ரெண்டும் எங்கயும் முட்டாது. அப்பம் இணைகோடான்னு கேட்டா இல்ல, ஏன்னா ரெண்டும் வேற வேற உயரத்துல வேற வேற திசையில போகுது, ஒரு பேப்பரை விரிச்சு ரெண்டையும் அதுல ஒட்ட முடியாது. ஆனா அதே தொட்டியோட ரெண்டு பக்கச் சுவரு இருக்கு பாருங்க, அது இணை. முட்டாம இருந்தா மட்டும் போதாது, ஒரே தளத்துலயும் இருக்கணும்.

இன்னொண்ணு, நோட்டுல ரெண்டு சின்ன கோடு போட்டு அது முட்டலன்னா உடனே இணைன்னு சொல்லக்கூடாது. கோட்டுத்துண்டு முட்டலன்னா ஒண்ணும் அர்த்தம் இல்ல, நீட்டினா முட்டுதாங்குறதுதான் கேள்வி. அங்கதான் சிக்கலே வருது, ஏன்னா எம்புட்டு தூரம் நீட்டி பாப்பீங்க?

கண்ணு ஏன் ஏமாத்தும்

நம்ம ஊரு ரயில் தண்டவாளம் அகலப்பாதை, ரெண்டு தண்டவாளத்தோட உள்பக்கத்துக்கு நடுவுல 1676 மில்லிமீட்டர். நாகர்கோவில் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னு பாத்தா தூரத்துல ரெண்டும் ஒண்ணா சேர்ற மாதிரி தெரியும், அது கண்ணோட வேலை, தரையில அது சேரல. போட்டோ எடுத்து போட்டோ மேல ஸ்கேல் வச்சு பாத்தா அதுல நெசமாவே சேரும், ஏன்னா போட்டோங்குறது கண்ணு பாக்குற மாதிரிதான் பதியும். அப்பம் இணையா இருக்குறது இணை இல்லாத மாதிரி தெரியுது.

இதுக்கு நேர் எதிரும் நடக்கும், அதுதான் ரொம்ப ஆபத்து. ஒரு தண்டவாளம் மத்ததை விட வெறும் 1 டிகிரி உள்பக்கமா திரும்பிருச்சுன்னு வச்சுக்கிடுங்க, 96 மீட்டர்ல ரெண்டும் முட்டிக்கும். ரயிலுக்கு 96 மீட்டர் ஒண்ணுமே இல்ல, ஆனா நோட்டுல கதையே வேற. 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ரெண்டு கோடு போட்டு அதே 1 டிகிரி தப்பு வந்தா, முட்டுற இடம் ஏறக்குறைய 2.9 மீட்டர் தள்ளி, அதாவது மேசை தாண்டி, கட்டில் தாண்டி எங்கயோ போய் முட்டும். நோட்டுக்குள்ள பாத்தா ரெண்டும் ஜோரா இணை மாதிரி நிக்கும்.

கண்ணால பாக்குறதும் சரிவராது, நீட்டி பாக்குறதும் முடியாது, அப்பம் எப்பிடி கண்டுபிடிக்க? குறுக்க ஒரே ஒரு கோடு போட்டு கோணத்த அளந்தா போதும், உலகத்தோட கடைசி வரைக்கும் போய் பாக்க வேண்டிய விஷயம் பேப்பர்லயே முடிஞ்சிரும். ஆரம்பத்துல சொன்ன அந்த கோணப் பேரு எல்லாம் இந்த ஒரு வேலைக்காகத்தான் இருக்கு.

அடுத்து: எட்டு கோணம்

கோடு போட்ட நோட்டுல நாலஞ்சு வரி தள்ளி ரெண்டு வரிய எடுத்து ஸ்கேல் வச்சு அழுத்தமா வரைங்க. இப்பம் சாய்வா ஒரு கோடு, அது ரெண்டையும் வெட்டணும், இடது கீழ இருந்து வலது மேல போற மாதிரி போட்டுக்கிடுங்க. இந்த சாஞ்ச கோடுதான் குறுக்குவெட்டி. மேல வெட்டுற இடத்துல நாலு கோணம், கீழ வெட்டுற இடத்துல நாலு கோணம்.

நம்பர் போடும்போது ஒரு சின்ன தந்திரம் இருக்கு. மேல் வெட்டுல இடது மேல 1, வலது மேல 2, வலது கீழ 3, இடது கீழ 4, அதாவது கடிகாரம் சுத்துற மாதிரி. கீழ் வெட்டுலயும் அதே வரிசையில 5, 6, 7, 8. இப்பிடி போட்டா ஒற்றைப்படை நாலும் சமம், இரட்டைப்படை நாலும் சமம், ஒரு ஒற்றையும் ஒரு இரட்டையும் கூட்டினா 180. அம்புட்டுதான் முழு பாடமும். கோணமானி வச்சு 2-ஐ மட்டும் அளங்க, 65 வந்துச்சுன்னா 4, 6, 8 எல்லாம் 65, மிச்சம் 1, 3, 5, 7 எல்லாம் 115. ஒரு கோணம் தெரிஞ்சா எட்டும் தெரிஞ்ச மாதிரி. ஆனா புக்குலயும் வினாத்தாள்லயும் நம்பர் வேற வரிசையில போட்டிருப்பாங்க, ஒற்றை இரட்டைன்னு அங்க போய் கண்ண மூடிட்டு எழுதிராதீங்க, முதல்ல நம்ம நம்பரை படத்து மேல பென்சிலால போட்டுக்கிட்டு அப்புறம் எழுதுங்க.

பேரு தெரியாம மார்க் வாங்க முடியாதுல்லா, அதனால பேரும் பாத்துருவோம். குத்தெதிர்க் கோணம்னா ஒரே வெட்டுல எதிரெதிரா இருக்குறது, 1-ம் 3-ம், 2-ம் 4-ம், இது சமமா இருக்க இணைகோடே தேவையில்ல, எந்த ரெண்டு கோடு வெட்டினாலும் சமந்தான். ஒத்த கோணங்கள்னா ரெண்டு வெட்டுலயும் ஒரே இடத்துல உக்காந்திருக்குறது, 1-ம் 5-ம், 2-ம் 6-ம், 3-ம் 7-ம், 4-ம் 8-ம். ஒன்றுவிட்ட உட்கோணங்கள் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, குறுக்குவெட்டிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு, 4-ம் 6-ம், 3-ம் 5-ம், இங்கிலீஷ் எழுத்து இசட் மாதிரி தெரியும். ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள் அதே கதைதான், வெளியில, 1-ம் 7-ம், 2-ம் 8-ம். கடைசியா குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கத்துல இருக்குற உட்கோணங்கள், 3-ம் 6-ம், 4-ம் 5-ம். இது மட்டும் சமம் இல்ல, கூட்டினா 180. பிள்ளேள் மார்க் விடுறது பெரும்பாலும் இங்கதான், எல்லாம் சமம்னு ஒரு வேகத்துல எழுதிட்டு வந்து இதையும் சமம்னு எழுதிருவாங்க. படத்துல ஒண்ணு விரிஞ்சும் ஒண்ணு குறுகியும் இருக்குறது கண்ணுக்கே தெரியும், அங்க ஒரு நிமிஷம் நிதானிச்சா போதும்.

ரப்பர் மரத்துல இருக்கு பாடம்

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் உள்ளவங்களுக்கு இத சொல்லிக்குடுக்க ரொம்ப எளுப்பம். ஒட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டுறதுக்கு பட்டையில கோடு எப்பிடி போடுவாங்க? இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து, கிடைமட்டத்துல இருந்து 30 டிகிரி சாய்வுல. பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய் எல்லாம் நேர் குத்தா போகாம 3 முதல் 5 டிகிரி வலப்பக்கமா சாஞ்சுதான் ஏறும், அதனால இடது மேல வலது கீழன்னு வெட்டினா கூடுதல் குழாய் அறுபடும், பாலும் கூடும்.

புதுசா வெட்டு ஆரம்பிக்க முன்னாடி மரத்துல மேல இருந்து கீழ நேரா ஒரு குத்துக்கோடு போடுவாங்க, அப்புறம் சாய்வு வெட்டின ஒரு தகட்டை அந்த குத்துக்கோட்டுல சேத்து வச்சு சாய்வுக்கோடு மார்க் பண்ணுவாங்க. தகட்டை கொஞ்சம் கீழ இறக்கி திரும்ப ஒரு கோடு, திரும்ப இறக்கி இன்னொரு கோடு. எல்லாம் இணையா வரும். ஏன் வருதுன்னு கேட்டா, குத்துக்கோடுதான் குறுக்குவெட்டி, சாய்வு கிடைமட்டத்துக்கு 30 டிகிரின்னா குத்துக்கோட்டுக்கு 60 டிகிரி, தகடு மாறாததால ஒவ்வொரு கோடும் குத்துக்கோட்டோட அதே 60 டிகிரிதான் வைக்கும், ஒத்த கோணம் சமம், அதனால இணை. வெட்டு போகப்போக கைப்பழக்கத்துல சாய்வு குறைஞ்சு படுத்துருச்சுன்னா பால் வெட்டு வழியா ஓடாம பட்டை மேல வழியும், ரொம்ப செங்குத்தா போனா பட்டை வீணாகும். நல்ல வெட்டுக்காரங்க கோணமானி கையில எடுக்க மாட்டாங்கதான், ஆனா மார்க் போட்ட கோட்டை விட்டு விலகவும் மாட்டாங்க.

மரம் உருண்டைல்லா, அதுல போடுற கோடு எப்பிடி நேர்கோடு ஆகும்னு ஒரு பிள்ளை கேட்டா அந்த பிள்ளைக்கு ஒரு முட்டாய் வாங்கி குடுக்கலாம், நல்ல கேள்வி அது. பட்டைய உரிச்சு தரையில விரிச்ச மாதிரி நெனச்சா நேர்கோடு, மரத்து மேல சுருள். கணக்கு விரிச்ச பட்டைக்குத்தான்.

நேரும் மறுதலையும், இத குழப்பிக்கிடாதீங்க

இது ரொம்ப முக்கியம், ஆனா கிளாஸ்ல ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவாங்க. கோடு இணைன்னு கணக்குல குடுத்திருந்தா, ஒத்த கோணம் சமம்னு நீங்க எடுத்துக்கிடலாம். இது ஒரு திசை. ஒத்த கோணம் சமம்னு குடுத்திருந்தா, கோடு இணைன்னு நீங்க சொல்லலாம். இது திரும்புற திசை. ரெண்டும் உண்மைதான், ஆனா ரெண்டும் வேற வேற. எது குடுத்திருக்கு, எதை காட்டணும்னு பாக்காம எழுதினா, காட்ட வேண்டியதையே காரணமா எழுதிட்டு வந்துருவீங்க, திருத்துற டீச்சர் சுழிச்சு விட்டுருவாங்க.

படத்துல ரெண்டு கோட்டுலயும் ஒரே மாதிரி அம்புக்குறி இருந்தா இல்லன்னா கேள்வியில ரெண்டு கோட்டோட பேருக்கும் நடுவுல ∥-ன்னு குறி போட்டு எழுதியிருந்தா இணைன்னு அர்த்தம். அது ரெண்டும் இல்ல, கேள்வியிலயும் சொல்லல, படம் மட்டும் இணை மாதிரி இருக்குன்னா, இணைன்னு எடுக்காதீங்க. அம்புட்டு தூரம் தண்டவாளக் கதை சொன்னதே இதுக்குத்தான்.

வரையுறது எப்பிடி

கோடு ஒண்ணு இருக்கு, அதுக்கு வெளியில ஒரு புள்ளி இருக்கு, புள்ளி வழியா இணைகோடு போடணும். மூலைமட்டத்தோட ஒரு விளிம்பை கோட்டு மேல சரியா உக்கார வைங்க. இன்னொரு விளிம்புல ஸ்கேலை சேத்து வைங்க. இப்பம் ஸ்கேலை இடது கையால நல்லா அமுக்கி பிடிச்சுக்கிட்டு மூலைமட்டத்த மட்டும் ஸ்கேலை ஒட்டி நகத்துங்க, விளிம்பு புள்ளியை தொட்டதும் நிறுத்தி கோடு போடுங்க. ரப்பர் மரத்து தகடு செஞ்ச அதே வேலை, இங்க ஸ்கேல்தான் குறுக்குவெட்டி. தப்பு வந்தா அது ஒரே இடத்துலதான் வரும், நகத்தும்போது ஸ்கேலும் கூட சேந்து ஒரு இழை நகந்திருக்கும். அதனால வேகம் வேண்டாம். விளிம்பு தேஞ்சு மொட்டையான மூலைமட்டமும் ஆகாது, அதெல்லாம் அஞ்சாறு வருசம் அண்ணன் கையில இருந்து தம்பி கைக்கு வந்ததா இருக்கும், புதுசு ஒண்ணு வாங்கிருங்க.

பாக்ஸ் கையில இல்லன்னா பேப்பர் மடிச்சே செய்யலாம். எப்பிடியாவது ஒரு மடிப்பு போடுங்க. அந்த மடிப்பு அதுமேலயே சரியா விழுற மாதிரி இன்னொரு மடிப்பு, அது செங்குத்தா வரும். அதே மாதிரி கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. கடைசி ரெண்டு மடிப்பும் இணை, ஏன்னா ரெண்டும் முதல் மடிப்போட 90 டிகிரி.

இடைவெளி அளக்குறத பத்தியும் சொல்லிருதேன். ரெண்டு இணைகோட்டுக்கு நடுவுல தூரம்னா செங்குத்தா அளக்குற தூரந்தான். ஸ்கேலை சாய்ச்சு வச்சா கூடுதலா காட்டும். வீட்டுக்கு வானம் தோண்ட கொத்தனார் நூல் பிடிக்கும்போது எதிரெதிர் பக்கம் ரெண்டும் சமமான்னு பாத்துட்டு, மூலைக்கு மூலை டேப் பிடிச்சும் பாப்பாங்கல்லா. எதிர்ப்பக்கம் ரெண்டு ரெண்டா சமம்னா நூல் இணையா வந்தாச்சு, ஆனா முழு கட்டமும் ஒரு பக்கமா சாஞ்சிருக்கலாம், மூலைக்கு மூலையும் சமம்னாதான் 90 டிகிரி. ரெண்டு சோதனைக்கும் வேலை வேற வேற.

குத்தா நிக்குற தூண் எல்லாம் இணையான்னும் சில பேரு கேப்பாங்க. தூக்குக்குண்டு நூல் பூமியோட மையத்த பாத்துதான் தொங்கும், அதனால கறாரா பாத்தா இணை இல்ல. 300 மீட்டர் தள்ளி நிக்குற ரெண்டு 30 மீட்டர் தூணுக்கு மேலயும் கீழயும் உள்ள இடைவெளி வித்தியாசம் ஒண்ணரை மில்லிமீட்டர் கூட வராது. கட்டடத்துக்கு இணைன்னு எடுத்துக்கிடுங்க, ஒண்ணும் ஆகாது.

கணக்கு போட்டு பாப்போம்

சாதாரண கணக்கு ஒண்ணு. ரெண்டு இணைகோடு, ஒரே பக்க உட்கோணம் ரெண்டு, ஒண்ணு 3 எக்ஸ் கூட்டல் 20, இன்னொண்ணு 2 எக்ஸ் கூட்டல் 10. ஒரே பக்கம், அதனால கூட்டினா 180. 5 எக்ஸ் கூட்டல் 30 சமம் 180, எக்ஸ் 30, கோணம் 110-ம் 70-ம். முடிஞ்சது. சமம்னு போட்டிருந்தா எக்ஸ் மைனஸ் 10 வந்து நிக்கும், கோணமும் மைனஸ்ல போகும், அப்பமே ஏதோ தப்புன்னு தெரிஞ்சிரணும்.

இப்பம் கொஞ்சம் மூளை கேக்குற கணக்கு, இதுதான் எனக்கு பிடிச்சது. மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, ரெண்டும் இணை. மேல் கோட்டுல ஒரு புள்ளி, கீழ் கோட்டுல ஒரு புள்ளி, நடுவுல வலப்பக்கமா தள்ளி ஒரு புள்ளி, மூணையும் சேத்தா மடக்கின முழங்கை மாதிரி வரும். மேல் புள்ளியில கோட்டோட வலப்பக்கத்துக்கும் கைக்கும் நடுவுல 40 டிகிரி, கீழ் புள்ளியில அதே மாதிரி 35 டிகிரி. முழங்கையில உள்பக்க கோணம் எம்புட்டு? ரெண்டு கோட்டையும் ஒருசேர வெட்டுற குறுக்குவெட்டியே படத்துல கெடையாது, அதனால நெறைய பேரு பேனாவ வச்சிருவாங்க. முழங்கைப் புள்ளி வழியா மூணாவதா ஒரு இணைகோடு நீங்களே போடுங்க. அது முழங்கைக் கோணத்த ரெண்டா பிரிக்கும், மேல் பாதி மேல இருக்குற 40-க்கு ஒன்றுவிட்ட உட்கோணம், கீழ் பாதி கீழ இருக்குற 35-க்கு ஒன்றுவிட்ட உட்கோணம். விடை 75. இல்லாத கோட்ட போட்டு கணக்க உடைக்குறது வடிவியல்ல நெறைய இடத்துல வரும். முக்கோணத்தோட மூணு கோணமும் கூட்டினா 180-ன்னு சொல்றாங்கல்லா, அதுவும் இதே வேலைதான், உச்சிப்புள்ளி வழியா அடிப்பக்கத்துக்கு இணையா ஒரு கோடு போட்டு பாருங்க, மூணு கோணமும் ஒரே நேர்கோட்டுல வந்து வரிசையா உக்காரும்.

பெரிய கிளாஸ் போனா சாய்வுன்னு ஒண்ணு வரும், ரெண்டு கோட்டோட சாய்வு சமம்னா இணை, அதுவும் எக்ஸ் அச்ச குறுக்குவெட்டியா வச்சு ஒத்த கோணம் பாக்குறதுதான், புதுசா ஒண்ணும் இல்ல.

கடைசியா ஒரு கணக்கு நீங்களே போடுங்க. நம்ம நம்பர் வரிசைதான். கோணம் 2 அளந்தா 74, கோணம் 6 அளந்தா 72. இணையா? இல்லன்னா எந்தப் பக்கம் முட்டும்? யூக்ளிட் அஞ்சாவது எடுகோள்னு (நிரூபிக்காம உண்மைன்னு எடுத்துக்கிடுறது) ஒண்ணு வச்சிருக்காரு, எந்தப் பக்கம் உட்கோணம் ரெண்டும் சேந்து 180-க்கு குறையுதோ அந்தப் பக்கம் முட்டும்னு. போட்டுட்டு கீழ பாருங்க.

ஒத்த கோணம் சமம் இல்ல, அதனால இணை இல்ல. கோணம் 3 வந்து 180-ல 74 போக 106, கோணம் 6 வந்து 72, கூட்டினா 178. வலப்பக்கம் முட்டும். குறுக்குவெட்டியில ரெண்டு வெட்டுக்கும் நடுவுல 4 சென்டிமீட்டர்னா, மேல் கோட்டுல வெட்டுன இடத்துல இருந்து ஏறக்குறைய 109 சென்டிமீட்டர் தள்ளி. நோட்ட ஒதுக்கி வச்சுட்டு தரையில சாக்பீஸ் வச்சு வரஞ்சா முட்டுறத பாத்துரலாம்.